தொப்பூரில் நின்ற வண்டி

பட்டப்படிப்பின் கடைசி வருடம் எனக்கு வாரத்தில் பாதி நாள் கல்லூரி, பாதி நாள் அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கு. லாஜிஸ்டிக்ஸ் படிப்பில் கிடங்கு வேலையும் ஒரு பாடம். கழுத்தில் ‘அப்ரன்டிஸ்’ என்று அட்டை தொங்கும். அத்தா கடைவீதியில் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். நான் என்ன படிக்கிறேன் என்பதை வீட்டில் யாருக்கும் சரியாக விளக்க முடிந்ததில்லை. “லாரி ஆபீஸ்ல இருக்கா” என்றுதான் அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்வார்.

உண்மையில் நான் லாரிகளைத் திரையில்தான் அதிகம் பார்த்தேன். ஓடும் வண்டி வரைபடத்தில் பச்சைப் புள்ளியாகத் தெரியும், நின்றால் சிவப்பாகும்.

செய்முறைத் தேர்வுக்காக எங்கள் பேராசிரியர் கிடங்குக்கே வந்திருந்தார். மேனேஜர் ஓசூர் போயிருந்ததால் அறையில் நான் மட்டும். சார் உட்கார்ந்து பையைத் திறக்கும்போதே, சேலத்து ஆஸ்பத்திரிக்கு சலைன் பாட்டில் ஏற்றிப்போன வண்டி தொப்பூர் கணவாயில் சிவப்பாகிவிட்டது.

டீ குடிக்க நிறுத்துகிற இடமில்லை அது. இறக்கம். டிரைவருக்குப் போன் அடித்தேன், சுவிட்ச் ஆஃப். மாரண்டஹள்ளிக்காரர் அவர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். வண்டி கிளம்பும்போதெல்லாம் பெல்ட் போடச் சொல்வதால் என்னை ‘டீச்சரம்மா’ என்று கூப்பிடுவார்.

அதற்குள் லோடு ஏற்றும் அண்ணன் ஒருவர் தன் போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். வாட்ஸ்அப்பில் வீடியோ. தொப்பூரில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. சிவப்புக் கேபின். எங்கள் வண்டிகளுக்கும் சிவப்புக் கேபின்தான். நம்பர் தெரியவில்லை.

மேசைமேல் ஆபீஸ் போன் அடித்தது.

“ஆபீசுங்களா? எங்க வூட்டுக்காரருக்குப் போன் போவமாட்டேங்குதுங்க. தொப்பூர்ல வண்டி கவுந்துருச்சுன்னு வீடியோ வந்துருக்குது. நம்ம வண்டிங்களா அது?”

‘ஒன்றுமில்லை அக்கா’ என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் எனக்கே தெரியாதே.

“எனக்கும் இன்னும் தெரியலைங்கக்கா. இப்பவே விசாரிக்கிறேன். லைன்லயே இருங்க.”

சுவரில் ஒட்டியிருந்த அவசர எண்களில் தொப்பூர் பஞ்சர் கடைக்காரருடையதும் இருந்தது. என் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டு வண்டி நம்பரைச் சொன்னேன். “கீழ நெறைய வண்டி நிக்குதும்மா. இரு, நடந்து போய்ப் பாக்கறேன்” என்றார். ஒரு காதில் ஹாரன் சத்தமும் அவருடைய மூச்சிரைப்பும். இன்னொரு காதில் அந்த அக்கா “தெரிஞ்சுதுங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சார் பேப்பர்களைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, பஞ்சர் கடைக்காரரின் போனில் “டீச்சரம்மா, நாந்தான்” என்று டிரைவரின் குரல் கேட்டது.

நான் கேட்பதற்குள் அவரே பேசினார். “முன்னாடி போன வண்டிதாங்க கவுந்துச்சு. நான் ஓரங்கட்டிட்டு எறங்கி ஓடினேன். அந்த டிரைவரை இப்பதான் ஆம்புலன்ஸ்ல ஏத்துனோம். கால்ல அடி, நல்லா பேசறான். அந்த அவசரத்துல என் போனு வுழுந்து ஒடஞ்சிருச்சு. சரக்கு பத்திரமா இருக்குதுங்க.”

“அண்ணா, மொதல்ல வூட்டுல பேசுங்க” என்று என் போனை ஸ்பீக்கரில் போட்டு ஆபீஸ் போனோடு சேர்த்துப் பிடித்தேன். அந்த அக்கா கன்னடத்தில் திட்ட ஆரம்பித்தார். எனக்குக் கன்னடம் தெரியாது. திட்டு என்பது மட்டும் புரிந்தது. இடையிடையே அழுகையும் வந்தது. அண்ணன் “ஆய்த்து, ஆய்த்து” என்று சமாதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். போனை வைத்த பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சார் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, “ஆரம்பிக்கலாமா? வண்டி லேட்டானா கஸ்டமருக்கு எப்பம்மா சொல்லணும்?” என்று கேட்டார்.

ஆஸ்பத்திரி! சுத்தமாக மறந்துபோயிருந்தேன். “சார், ஒரு நிமிஷம்” என்று மறுபடி போனை எடுத்தேன். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் இருந்த பெண்மணி நிதானமாக, “சாயங்காலத்துக்குள்ள வந்தாப் போதும். கைவசம் இருக்கு” என்றார். நான் விட்ட பெருமூச்சைக் கேட்டு சார் சத்தமாகச் சிரித்துவிட்டார். பிறகு அவர் கேட்ட கேள்விகளில் பாதி நினைவில்லை. தேறிவிட்டேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலையைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை கேட்டிராத அத்தா, சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, “அந்த இன்னொரு டிரைவருக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டார். “நாளைக்குக் கேட்டுச் சொல்றேன் அத்தா” என்றேன்.

மறுநாள் டிரைவர் அண்ணன் கிடங்குக்குத் திரும்பியதும் அதைத்தான் முதலில் கேட்டேன்.

“வர்ற வழியில போய்ப் பாத்துட்டுதாங்க வந்தேன். கால்ல கட்டுப் போட்டுருக்காங்க. இட்லிக்குக் கெட்டிச் சட்னி குடுக்கலைன்னு நர்ஸம்மாகூட சண்டை போட்டுட்டிருந்தான்” என்றார்.

உடனே அத்தாவுக்குப் போன் போட்டேன்.