மார்புக்கு மல்லிகை

என் முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன என்று நிலம் அளந்துகொண்டிருந்த காலம் அது. என் வீட்டுக்காரர் அளப்பவர்களுக்குச் சங்கிலி பிடிக்கப் போயிருந்தார். புதைக்க ஆள் அனுப்பித்தான் அவரைக் கூட்டிவந்தார்கள்.

பிள்ளை போன சேதி மார்புக்கு எட்டவில்லை. பால் கட்டிக்கொண்டு கல்லாகிவிட்டது. மாமியார் ஊத்துக்கோட்டைச் சந்தையிலிருந்து மல்லிகை வரவழைத்து, தொடுத்த சரத்தை என் மார்பில் வைத்துப் பழைய துணியால் இறுக்கிக் கட்டினாள். பூ வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம்.

வற்றியிருக்கும். ஆனால் அதற்குள் அதே வீட்டில், பக்கத்து அறையில், என் ஓர்ப்படிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொழுந்தனின் மனைவி, என்னைவிடச் சின்னவள். அவளுக்குப் பால் சுரக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழும்போதெல்லாம் இந்தப் பக்கம் என் ரவிக்கை நனைந்தது.

"நான் குடுக்கறேன் அத்தை" என்றேன்.

"இன்னாடி பேசற? புள்ளைய வாரிக் குடுத்துட்டு வந்தவ நீ. உன் கண்ணு பட்டா அதுவும் நிக்காது. அந்த வாசப்படி தாண்டிக் காலை வெக்காத."

என் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்திருந்தால் முதலில் மாமியாரைத்தான் ஏறெடுத்துப் பார்த்திருப்பேன்.

ஆட்டுப்பால் கொடுத்தார்கள். குழந்தைக்கு வயிற்றால் போயிற்று. அழுகை நாளுக்கு நாள் மெலிந்து, பூனைக்குட்டி சத்தம் போல ஆகிவிட்டது. அப்புறம்தான் மாமியார் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் வைத்தாள். "பீச்சிக் குடு" என்றாள். மார்பில் கட்டிய துணியை அவளே அவிழ்த்தாள்.

பீச்சிக் கொடுத்த பாலில் பழுக்கக் காய்ச்சிய ஆணியைப் போட்டு எடுத்தாள். தோஷம் போக வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் சங்கில் ஊற்றிக் குழந்தைக்குப் புகட்டினாள். ஒவ்வொரு முறையும் அந்த ஆணி சுர்ரென்று அணையும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அடுத்த டம்ளருக்கு எப்போது வருவாள் என்றும் காத்திருந்தேன்.

குழந்தை தேறியது. அழுகையில் தெம்பு வந்தது. பசி அழுகை எது, தூக்க அழுகை எது என்று எனக்குத் தெரியும். முகம் மட்டும் தெரியாது. ஒரே ஒரு தடவை மடியில் போட்டுப் பார்த்தால் போதும் என்று இருந்தது. அதைத் தவிர அந்த வீட்டில் நான் வேறு எதையும் கேட்கவில்லை.

ஓர்ப்படி ஒருநாள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று மெதுவாகச் சொன்னாள். "அக்கா, தொட்டில் போடற அன்னிக்கு உன் மடியில படுக்க வெக்கறேன். அத்தை இன்னா சொன்னாலும் சரி."

அவளை நம்பினேன். தொட்டில் போடும் நாளன்று தலைக்குக் குளித்து, துவைத்த புடவை கட்டி, கூடத்து ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஊர்ப் பெண்கள் வந்து நிறைந்தார்கள். மாமியார் தாம்பாளத்தில் மல்லிகைச் சரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தி தலையிலும் வைத்துக்கொண்டே வந்தாள். என்னிடமும் வந்தாள். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்து, சந்தோஷமாகத் தலையைத் திருப்பிக் கொண்டையைக் காட்டினேன்.

மாமியார் பூவை என் மடியில் போட்டாள்.

"தலைக்கு இல்லடி. மாருல கட்டிக்கினு உள்ள போய்ப் படு. கொழந்தைக்குப் பசும்பால் ஒத்துக்கிச்சு. இனிமே உன்னுது வாணாம்."

ஓர்ப்படியைப் பார்த்தேன். அவள் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள்.

எழுந்து உள்ளே போனேன். எனக்குக் கட்டிவிட யாரும் வரவில்லை. துணியின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு நானே இறுக்கிக் கட்டினேன். கூடத்தில் பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். குழந்தை அழுதது. பசி அழுகை. கட்டிய பூ நனைந்தது.