காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்

அடுப்பு, மெத்தையெல்லாம் ஏற்றிய வாடகை வேனில் குடும்பத்தோடு கொடைக்கானல் சுற்றுலாவுக்குக் கிளம்பினோம். எரியோடு என்ற ஊரைத் தாண்டியதும் வேன் புகைந்து நின்றுவிட்டது.

ஓட்டுநர் கட்டையான மனிதர், பாதி நரைத்த மீசை. எங்கே நிறுத்தினாலும் காய்ச்சல் பார்ப்பதுபோல வேனின் முகப்பைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்.

"கொதிக்குது சார்."

தண்ணீர் எடுக்கப் பக்கத்துத் தோப்பு மோட்டாருக்குக் கரண்டு இல்லை. மகளுக்காக நான் காய்ச்சி ஆறவைத்திருந்த ஒரே கேன் தண்ணீரையும் ரேடியேட்டரில் ஊற்றிவிட்டார்.

"பிள்ளை என்னத்தைக் குடிப்பா? வெளித்தண்ணி அவளுக்குச் சேராது."

"செத்த நேரம் பொறுங்க சார், கரண்டு வந்துரும்."

வேன் கிளம்பவில்லை, தோப்பிலேயே அடுப்பை இறக்கினோம். கரண்டு வந்தது. மகள் மோட்டார்த் தண்ணீரில் குளித்தாள், கையேந்திக் குடித்தாள், மலையே வேண்டாம் என்றாள். நான் அவள் நெற்றியை நிமிடத்துக்கொரு முறை தொட்டுக்கொண்டிருந்தேன்.

ஓட்டுநர் வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்தார்.

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் சார் கொதிக்குது."

இன்றும் பயணமென்றால் இரண்டு கேன் காய்ச்சுகிறேன். ஒன்று வண்டிக்கு.