கெட்டிலில் கொதித்த திரித்துவம்

"மேலே ஏதோ ஒரு சக்தி இருக்கிறது" என்று சொல்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் தினமும் ஒருவராவது அகப்படுவார். மலை கண்ணில் பட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பேச்சுக் கொடுத்தால், "சாமின்னு தனியா ஆள் யாரும் இல்ல சார், எல்லாம் ஒரு பவரு" என்பார். அப்படியானால் டிரான்ஸ்பார்மரைக் கும்பிட்டுவிட்டுப் போவதுதானே என்று மனதுக்குள் நக்கலடிப்பேன். எங்கள் தேவன் பவர் அல்ல. பேசுகிறவர், கேட்கிறவர், கோபப்படுகிறவர். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

அதிலும் சித்தூரில் எங்கள் சபையின் ஓய்வுநாள் பாடசாலையில் திரித்துவப் பாடம் என்றால் நான்தான். வருடா வருடம் பிளாஸ்க்கில் ஐஸ் கொண்டுபோவேன். ஒரு டம்ளரில் தண்ணீர். பக்கத்தில் கரண்ட் கெட்டில். "ஐஸும் தண்ணி, ஆவியும் தண்ணி. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, மூணும் ஒண்ணு" என்று தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம். பிள்ளைகள் ஐஸை எப்போது தின்னக் கொடுப்பேன் என்று பார்த்துக்கொண்டிருக்கும். பெரியவர்கள் தலையாட்டுவார்கள். பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்தும் என்னைக் கூப்பிட்டார்கள், கெட்டிலோடு.

யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானத்தின்போது குமாரன் தண்ணீரில் நிற்க, ஆவியானவர் இறங்க, பிதா வானத்திலிருந்து பேசினார் என்று அதே வகுப்பில் வாசிப்போம். மூவரும் ஒரே சமயத்தில் அங்கே இருக்கிறார்கள். என் கெட்டிலிலோ ஆவி வந்துவிட்டால் ஐஸ் காலி. கொஞ்சம் மூளை உள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான் இன்னும் பெரிய கெட்டில் வாங்கினேன்.

போன மழைக்காலத்தில், திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் என் தங்கைக்கு முதல் குழந்தை பிறந்து, இரண்டாம் நாளே இறந்துபோனது. அன்று மதியம் அவளைப் பார்க்கப் போனேன். சபையார் எனக்கு முன்பே வந்து போயிருந்தார்கள். கர்த்தர் தம்முடைய தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறித்துக்கொண்டார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருக்குப் பூவுக்கா பஞ்சம்?

பக்கத்துக் கட்டிலில் காளஹஸ்திப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவளுக்கும் குழந்தை தங்கவில்லை. ஈஸ்வரனைத் தெலுங்கில் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். உனக்குக் கண் இல்லையா, என் வீடுதானா கிடைத்தது என்று. நான் முகம் சுளித்தேன். தங்கை அதைப் பார்த்துவிட்டாள்.

"அந்தம்மாவுக்குத் திட்றதுக்கு ஒரு ஆளு இருக்குதுண்ணா" என்றாள். "எனக்கு யாரு இருக்கறா? சின்னதுலருந்து உன் கெட்டிலப் பாத்துக்கினு வளந்தவ நானு. ஜெபம் பண்ணலாம்னு கண்ண மூடினா தண்ணிதான் வருது. தண்ணியப் போயி எப்டிண்ணா திட்றது?"

"அது சும்மா ஒரு உதாரணம்மா" என்று ஆரம்பித்தேன்.

"மூணு பேருன்னு சொன்னியே. எம்புள்ள சாவறப்ப பாத்துக்கினு இருந்தது அதுல யாரு? அத மட்டும் சொல்லு."

வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் வந்தவராவது பவர் என்பதைப் பவர் என்றே சொன்னார். நான் அதையே பிதா, குமாரன், ஆவி என்று பெயர் ஒட்டி விற்றிருக்கிறேன், சொந்தத் தங்கைக்கும் சேர்த்து. இந்தத் தடவை கையில் காட்டுவதற்குக் கெட்டிலும் இல்லை.

"பிதா" என்றேன் கடைசியில். "அவரு புள்ளயும் செத்துச்சும்மா. அப்பவும் அவரு பாத்துக்கினுதான் இருந்தாரு."

தங்கை அழவில்லை. எழுந்து உட்கார்ந்து முந்தானையை இழுத்துத் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டில் ஜெபம் என்றால் 'தேவரீர்' என்றுதான் ஆரம்பிப்போம். அவள் அப்படி ஆரம்பிக்கவில்லை.

"நைனா" என்றாள், எங்கள் அப்பாவிடம் சண்டைக்கு நிற்கும் அதே குரலில். "உம்புள்ள செத்தப்ப நீ இன்னா பண்ண?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள்.