முன்கயிறு

விப்ரென் பிஸ்கட் டப்பாவைத் திறக்கிறார், ஆளுக்கு ஒன்று எடுக்கவிடுகிறார், மூடிவிடுகிறார். இரண்டாவதுக்கு நீளும் கை மூடியின் மேல்தான் இறங்கும். இதே மனிதர் ஒருமுறை படகுத்துறையில் முன்பின் தெரியாத ஜெர்மன்காரருக்குத் தன் டீசலில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். கேட்டால், "அது உதவி, இது பழக்கம்" என்பார்.

ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவர் காரை எத்தனையோ பேர் மரத்தில் மோதியிருக்கிறார்கள். ஒருவரிடமும் குரல் உயர்த்தியதில்லை. சேர்த்துவைத்த சத்தம் முழுவதும் கோடையில், தன் படகின் முன்தளத்தில் கயிறு பிடித்து நிற்கும் மனைவி சிட்ஸ்கேயின் மேல் இறங்கும். "அந்தக் கம்பம் இல்லடி, அடுத்தது. இறுக்கிக் கட்டு." பக்கத்தில் படகு கட்டியிருக்கும் எனக்குக் கோடை தொடங்கியது இதைக் கேட்டுத்தான் தெரியும். சிட்ஸ்கே திரும்பிப் பாராமல் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்குவாள், அவ்வளவுதான்.

வருடந்தோறும் அவள் புதுக் கையுறை கேட்பாள். "கயித்தப் புடிச்சுக்கிட்டு சும்மா நிக்கிறதுக்கு வருசம் ஒரு ஜோடியா?" என்று விப்ரென் என்னிடம் புலம்பிவிட்டு, போய் வாங்கிவருவார்.

பனிக்காலத்தில் சிட்ஸ்கே இறந்துபோனாள். மகள் யிக்கே படகை விற்கச் சொன்னாள். தனியாகப் போய்த் தண்ணீரில் விழுந்தால் யாருக்குத் தெரியும் என்பது அவள் வாதம். இருவரும் பிடிவாதக்காரர்கள் என்பதால் ஒப்பந்தம் ஒன்று உண்டாயிற்று: ஒரு நாள் முழுக்க, யார் கையும் படாமல், அப்பா கால்வாயில் ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் படகு தங்கும். சாட்சிக்கு நான்.

காலை நன்றாகவே போயிற்று. மாடுகள் கரையோரம் கூடவே நடந்தன. தாழ்ந்த பாலம் வரும்போதெல்லாம் விப்ரென் ஆளில்லாத முன்தளத்தைப் பார்த்து, "குனிஞ்சுக்க" என்றார். யிக்கே காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டாள்.

பிறகு மதகு வந்தது. இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, தண்ணீரை வடித்து, கீழ்மட்டக் கால்வாய்க்கு இறக்குவார்கள். விப்ரென் முன்னால் ஓடி, தான் எப்போதும் கத்துகிற கட்டளைக்குத் தானே கீழ்ப்படிந்தார்: முன்கயிற்றைக் கரைக் கம்பத்தில் இறுக்கிக் கட்டினார். பின்கயிற்றைப் பிடிக்க ஓடினார். தண்ணீர் இறங்கியது. படகின் மூக்கு இறங்கவில்லை. உள்ளே தட்டுகள் சரிந்தன. பிஸ்கட் டப்பா என் காலடிக்கு உருண்டுவந்தது. கயிறு முறுக்கேறி முனகியது.

மதகுக்காரப் பெண் வடிகாலை மூடி, தண்ணீரைத் திரும்ப ஏற்றினாள். காத்திருந்த படகுக்காரர்கள் நாகரிகமாக வானத்தைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் ஒன்றையும் விடாமல் பார்ப்பது அப்படித்தான்.

"தண்ணி இறங்கறப்ப கட்டக் கூடாதுங்க," என்றாள் அவள். "கயித்தக் கம்பத்துல சுத்தி, கையில கொஞ்சங் கொஞ்சமா வழிய விடணும். உங்க வீட்டம்மா அப்படித்தான விடுவாங்க?"

முன்தளக் கம்பியில் போன கோடையின் கையுறைகள் தொங்கின. விப்ரென் எடுத்துத் திருப்பினார். உள்ளங்கை இரண்டும் தேய்ந்து ஓட்டையாகியிருந்தன. ஓட்டை வழியாக அவர் விரல் வெளியே வந்தது.

"அவ சும்மா நிக்கிறான்னுல்ல நெனச்சேன்" என்றார்.

யிக்கே ஏதோ சொல்ல வந்தாள். அவர் விடவில்லை. "வித்துரலாம்மா. ஆனா இன்னிக்கு வீடு போய்ச் சேரணும்ல. சுக்கான நீ புடி."

அடுத்த மதகில் அவர் முன்தளத்தில் நின்றார், கைக்குப் பற்றாத கையுறையை விரல்களில் மாட்டிக்கொண்டு. சுக்கானிலிருந்து யிக்கே, பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த அதே குரலில் கத்தினாள்: "அந்தக் கம்பம் இல்லப்பா, அடுத்தது."

விப்ரென் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கினார்.