நான்காம் படி நனைந்ததும்

அந்த ஐஸ் பிளாண்ட் ஆபரேட்டருக்குக் கடிகாரம்தான் குலதெய்வம். குளியல் ஏழு நிமிடம், சாப்பாடு பன்னிரண்டு நிமிடம், மனைவியோடு சண்டை வந்தால் அதிகபட்சம் கால் மணி. "சரி, மீதியை நாளைக்கு வச்சுக்கலாம்" என்று எழுந்து போய்விடுவார். இருபது வருடம் இப்படிக் குடித்தனம் நடந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் தலை சுற்றாது? அவருக்குத் தீவில் வேலை கிடைத்ததும் அந்த அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நாலு பக்கமும் தண்ணி. நடுவுல நீங்களும் உங்க கடிகாரமும். நான் எங்க ஓடறது? முதல்ல நீங்க போங்க. மூணு மாசம் கழிச்சு வந்து பாக்கறேன். சரிப்படலைன்னா வந்த கப்பல்லயே திரும்பிடுவேன்."

போனார். முதல் நாள் சரியாக ஆறு மணிக்கு ஐஸ் பாளங்களைப் படகுத்துறையில் அடுக்கிச் சாக்குப் போட்டு மூடினார். படகுகளும் ஆறுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போயின. ஒழுங்கான ஊர் என்று மெச்சிக்கொண்டார். மறுநாள் ஏழுக்குச் சற்று முன்னால் வந்தார்கள். அதற்கடுத்த நாள் எட்டை நெருங்கி. நான்காம் நாள் எட்டரை ஆகியும் ஒருவரையும் காணோம். அந்த ஊர் வெயிலுக்கு எட்டு மணியே உச்சிவேளை. சாக்கைத் தூக்கினால் பாதிப் பாளம்தான் இருந்தது.

முதலாளி போனில் கூப்பிட்டார். "என்னய்யா, மீனுக்கு ஐஸ் போடச் சொன்னா கடலுக்கே போட்டுட்டீராமே?"

மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. 'ஐஸ் காலை 6.00 மணிக்கு மட்டும். தாமதமாக வருவோருக்குக் கிடையாது' என்று எழுதி வாசல் கதவில் ஒட்டினார். மறுநாள் அதன் கீழே யாரோ கரித்துண்டால் எழுதியிருந்தார்கள்: 'கடலுக்கும் சொல்லிவிடவும்.'

ஒன்றும் புரியாமல் துறையோரத்து டீக்கடை அம்மாவிடம் போய் நின்றார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"அண்ணே, துறையில ஆழம் கிடையாது. தண்ணி ஏறினாத்தான் படகு வெளிய போகும். அது தினமும் முக்கா மணி, ஒரு மணி தள்ளித்தான் ஏறும். துறைப் படிக்கட்டுல கீழேருந்து நாலாவது படி நனைஞ்சா நான் அடுப்பைப் பத்த வைப்பேன். நீங்க ஐஸை எடுங்க. அவ்வளவுதான் கணக்கு."

அவ்வளவு சுலபமாக அவர் மசிந்துவிடுவாரா? நோட்டுப் போட்டு, தினம் ஐம்பது நிமிடம் கூட்டி, மூன்று மாதத்துக்கும் கால அட்டவணை தயாரித்தார். ஒரு நாள் கடற்காற்று பலமாக அடித்தது. தண்ணீர் அட்டவணையைப் படிக்காமல் அரை மணி முன்னாலேயே ஏறிவிட்டது. அந்த வாரமே நோட்டு டீக்கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போனது. கைக்கடிகாரம் ஆணியில் தொங்கியது. மத்தியானம் கரண்ட் போனால் தூங்கினார். மழை பிடித்தால் டீக்கடையில் உட்கார்ந்து, அது விடும்வரை ஊர்வம்பு பேசினார்.

எல்லாம் பழகிற்று, ஒன்றைத் தவிர. வீட்டில் இரண்டு தட்டு. அதில் ஒன்று கழுவத் தேவையே இல்லாமல் சுத்தமாக இருக்கும். மனைவி இல்லாமல் அவருக்கு ஆகவில்லை.

அவள் வரும் நாளும் வந்தது. கப்பல் நிற்பது தீவின் அந்தப் பக்கத்து ஆழத் துறையில். அதற்குக் கடல் ஏறுவதும் இறங்குவதும் பொருட்டில்லை, டாண் என்று பத்துக்கு வந்து பதினொன்றுக்குத் திரும்பும். இஸ்திரி போட்ட சட்டையோடு இவர் ஒன்பதுக்கே கிளம்பினார். வழியில் துறையை எட்டிப் பார்த்தார். பத்தரைக்கு ஏற வேண்டிய தண்ணீர், காற்றுக்கு இப்போதே நான்காம் படியை நனைத்திருந்தது. ஏழு படகுகள் வரிசையில் நின்றன. இவர் போய்விட்டால் ஏழு வீட்டு மீனும் போச்சு. சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்கினார். நாலாவது படகுக்கு ஏற்றும்போது கப்பல் அடியோடு மறந்தே போயிற்று.

ஏழாவது படகு நகர்ந்தபோது கப்பலின் ஊதல் கேட்டது. திரும்பிப் போகிறவர்களை ஏறச் சொல்லும் ஊதல்! விழுந்தடித்து ஓடினார்.

இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். திரும்பும் டிக்கெட் கையில் இருந்தது. இவர் சட்டையெல்லாம் ஈரம், தலையெல்லாம் சாக்கு நார்.

"மணி என்னன்னு தெரியுமா?"

பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினார். வெறுங்கை. கடலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆறாவது படி முங்கியிருக்கும்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க லேட்டா வந்திருக்கீங்க."

"ஆமா."

"நீங்க!"

"ஆமாம்மா. எவ்வளவு லேட்டுன்னுகூடத் தெரியல."

மறுபடியும் ஊதல் கேட்டது. ஏணியை எடுக்கத் தயாரானார்கள். அவர், "கப்பல் கிளம்பப் போகுது" என்றார்.

அவள் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"போகட்டும். அது நேரத்துக்குப் போற கப்பல். அந்த மாதிரி ஒண்ணோட இருபது வருஷம் இருந்தாச்சு. நீங்க முதல்ல மூச்சு வாங்குங்க."