திரேஸ்புரத்தில் என் கைப் போணி

1974 ஜூலை. பினாங்கிலிருந்து சென்னைக்குக் கப்பலில் ஏழு நாள். அங்கிருந்து ரயிலில் ஓர் இரவு. தூத்துக்குடிக் கல்லூரியில் சேர்ந்த மூன்றாவது வாரமே ஓட்டல் சாப்பாடு நமக்குக் கட்டுப்படியாகாது என்று தெரிந்துவிட்டது. அப்பா அனுப்பும் நூறு ரூபாயில் முப்பது அறை வாடகை. நானே பொங்கித் தின்றால்தான் படிப்பை முடிக்க முடியும்.

சனிக்கிழமை, காலை ஆறு மணி. ஒன்றரை மைல் நடந்து திரேஸ்புரம் கடற்கரைக்குப் போனேன். மணலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சாளை மீனைக் கூறு கட்டி வைத்திருந்தார்கள். முதலில் இருந்த அக்காவிடம் விலை கேட்டேன். கூறு எட்டணா. நாலு கடையில் விசாரிக்காமல் எதையும் வாங்காதே என்பது பினாங்கில் அம்மா போட்ட சட்டம். அடுத்தவரிடம் நகர்ந்தேன். அவ்வளவுதான்!

"ஏலே! போணி ஆகாத மீனுக்கு வெலயக் கேட்டுட்டு அங்கன போறியே, எம் பொழப்புல மண்ணள்ளிப் போடவால வந்த?"

முதலில் விலை கேட்டவன் வாங்காமல் போனால் அன்றைய வியாபாரமே படுத்துவிடுமாம். பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த அண்ணாச்சிதான் சொன்னார். "வாங்கிருப்பா. இல்லன்னா இனிமே ஒருத்தரும் ஒனக்கு மீன் தரமாட்டாவ."

எட்டணாவை நீட்டினேன். அந்த அக்கா, பெயர் செசிலி, அதைக் கண்ணில் ஒற்றி, சிலுவை போட்டு, மடியில் முடிந்துகொண்டு, எந்த ஊர் என்று கேட்டார். பினாங்கு என்றேன்.

அடுத்த சனிக்கிழமை பயந்துகொண்டே மறுகோடி வழியாகப் போனேன். அந்தக் கண்ணுக்குத் தப்ப முடியுமா?

"ஏலே பினாங்கு! எங்க ஒளியுத? அன்னைக்கு நீ போன அரமணி நேரத்துல அம்புட்டும் வித்துட்டு. இனி ஒங் கைதாம்ல போணி!"

அதிலிருந்து சனிக்கிழமை தோறும் நான்தான் முதல் ஆள். ஊருக்கெல்லாம் விலை ஏறியது. எனக்கு மட்டும் அதே எட்டணா, மேலே நாலு மீன் கொசுறு. பரீட்சைக்காக ஒரு வாரம் போகாமல் இருந்ததற்கு வாங்கிய ஏச்சு இருக்கிறதே, பரீட்சையே தேவலை! ஆனால் அந்த ஊரில் என் வரவைப் பார்த்துக் காத்திருந்தது அவர் ஒருவர்தான். அதற்காகவே போனேன்.

1977 ஏப்ரல். மாலையில் எனக்கு ரயில். காசைக் கொடுத்துவிட்டு, மெல்லச் சொன்னேன். "அக்கா, படிப்பு முடிஞ்சிருச்சு. இன்னைக்கு ஊருக்குப் போறேன்."

மீன் அள்ளிய கை நின்றது. கண் நிறைந்துவிட்டது.

"கோட்டிப் பயல! போணி நேரத்துலயா இதச் சொல்லுவ? இப்பம் நான் அழப்புடாதுலே. போ... திரும்பிப் பாக்காமப் போயிரு."

முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, "சாளேய்... சாள!" என்று கூவத் தொடங்கினார். குரல் உடைந்து உடைந்து வந்தது. நான் மீனோடு நடந்தேன். அறையில் அடுப்பும் இல்லை, சட்டியும் இல்லை. எல்லாவற்றையும் முந்தின நாளே கொடுத்துவிட்டிருந்தேன்.