பெல்ட் மாட்டும் தொழிலாளி ஒருவர்

செல்லமுத்து இறந்துவிட்டார். நேற்று மதியம், ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ, அதாவது ஜவ்வரிசி, ஆலையில். கன்வேயர் பெல்ட்டுக்கு ஜாயிண்ட் போட்டுக்கொண்டிருந்தபோது யாரோ மோட்டாரைப் போட்டுவிட்டார்கள்.

இதைப் படிக்கும் யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. அதற்கு நானும் ஒரு காரணம்...

பத்து வருடம் இருக்கும். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டுப் பாயசத்தில் கரையாத வெள்ளைத் துணுக்கு கிடந்தது. 'பிளாஸ்டிக் ஜவ்வரிசி' என்று ஊரெல்லாம் பேச்சு. பாக்கெட்டில் இருந்த முகவரியைப் பார்த்து, நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஆலைக்குச் செய்தி சேகரிக்கப் போனேன். கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எதிர் டீக்கடையில் ஒருவர் என் கையில் இருந்த துணுக்கை வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது கலப்படமில்லீங்க. எங்க பெல்ட்டு."

அவர்தான் செல்லமுத்து. சலித்த ஜவ்வரிசியை மூட்டை பிடிக்கும் இடத்துக்குக் கொண்டுபோகிறதே கன்வேயர் பெல்ட், அதை வெட்டுவது, ஒட்டுவது, மாட்டுவது எல்லாம் அவர் வேலை.

சாப்பாட்டுப் பையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து பெஞ்சில் வைத்தார். ஒன்று வெள்ளை. மேலே பிளாஸ்டிக், உள்ளே துணி, ஓரத்தில் நூல் தொங்கியது. இன்னொன்று நீலம். துணியே கிடையாது, முழுக்க ஒரே பிளாஸ்டிக்.

"மோந்து பாருங்க" என்றார். வெள்ளைத் துண்டில் புளித்த மாவு வாடை.

"துணி தண்ணியக் குடிச்சுப்போடுதுங்க. எத்தனை கழுவுனாலும் போறதில்ல. ஓரம் பிஞ்சு சரக்குல உழுகுது. இந்த சாலிட் பெல்ட்டுல பிய்யறதுக்கு நூலே இல்லீங்க. சூடு காட்டி ஒட்டுனா ஜாயிண்ட் எங்கன்னே தெரியாது. எல்லா எடத்துக்கும் ஆகாது, சூடடிக்கிற எடத்துக்கு வேற பாக்கோணும். மூட்டை புடிக்கற எடத்துக்கு இதுதானுங்க."

ஏன் நீலம் என்று கேட்டேன்.

"தின்னுற பொருள்ல நீலம்னு ஏதாவது இருக்குதுங்களா? ஒரு துண்டு உழுந்தாலும் கண்ணுல பட்டுருமில்ல."

"கத்திரிக்காய்?"

"அது ஊதாங்க. பேப்பர்காரருக்குக் கலருகூடத் தெரியாதா!"

முதலாளியிடம் மூன்று முறை கேட்டிருக்கிறார். கிடைத்த பதிலை முதலாளியின் குரலிலேயே சொல்லிக் காட்டினார். "வெள்ளச் சரக்குக்கு வெள்ள பெல்ட்டுதாண்டா லட்சணம். நீலத்தப் போட்டா, பாக்க வர்ற பார்ட்டி இது பெயிண்ட் கம்பெனியான்னு கேப்பான்!"

கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "என்ற பேரு மட்டும் வேண்டாங்க. பொழப்புப் போயிரும்."

பெயரை எழுதவில்லை. 'ஆலையில் பெல்ட் மாட்டும் தொழிலாளி ஒருவர் கூறியதாவது' என்று எழுதினேன்.

அந்த ஆலையில் பெல்ட் மாட்டுபவர் ஒரே ஒருவர்தான்...

செய்தி வந்த அன்று மதியம் போன். "பேர மட்டும் உட்டுப்போட்டு மிச்சத்தயெல்லாம் எழுதிட்டீங்களேங்க. கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க." கோபமாகக்கூட இல்லை. நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

சில மாதம் கழித்து முதலாளியே கூப்பிட்டார். நீல பெல்ட் போடுகிறோம், வந்து பார்த்து அதையும் எழுதுங்கள் என்று. போனேன். அந்த பெல்ட்டை ஒட்ட வேறு ஆள் கிடைக்காமல் செல்லமுத்துவையே தினக்கூலிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு, டீக்கடையில் சொல்லியிருந்தார். பெல்ட்டில் கை வைப்பதற்கு முன், யாரும் மோட்டாரைப் போட முடியாதபடி அதன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேலை முடிகிறவரை யாருக்கும் தர மாட்டார். "பீஸ் கட்டை என்ற பாக்கெட்டுல இருந்தாத்தான் எனக்குக் கை ரெண்டுங்க."

அன்றும் பழக்கத்தில் ஸ்விட்ச் போர்டு பக்கம் போனார்.

"செல்லமுத்து, நீ இப்ப வெளியாளு. போர்டத் தொடாதே" என்றார் சூப்பர்வைசர். "நான் நிறுத்திக்கறேன், போ."

"நீங்க டீ குடிக்கப் போயிட்டீங்கன்னா?"

"அட, போப்பா!"

செல்லமுத்து என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து வேலையைத் தொடங்கினார்.

அன்று ஒன்றும் ஆகவில்லை. நீல பெல்ட்டைப் பற்றி எழுதினேன். ஃபியூஸ் கட்டையைப் பற்றி எழுதவில்லை.

அதற்குப் பிறகு எந்த ஆலையும் அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளவில்லை. பேப்பர்காரனிடம் பேசுகிற ஆள் என்று பெயராகிவிட்டது. ராசிபுரம், ஆத்தூர் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் ஒட்டிக் கொடுத்தார். போன இடமெல்லாம் வெளியாள்.

இன்று காலை பிணவறை வாசலில் அவர் மனைவியைப் பார்த்தேன். அதற்கு முன் பார்த்ததில்லை. நான் யார் என்று சொன்னதும் புரிந்துகொண்டார். மடியில் ஒரு துணிப்பை.

"அவரு பாக்கெட்டுல சாக்பீஸும் அளவு டேப்பும்தானுங்க இருந்துச்சு" என்றார். பையை விரித்துக் காட்டி, "பீஸ் கட்டை இல்லீங்க."

 

இன்றைய பேப்பரில் நான்கு வரி வந்திருக்கிறது. பெயர் சரியாகவே இருக்கிறது. வேலையைத்தான் 'கூலித் தொழிலாளி' என்று போட்டிருக்கிறார்கள்.

செல்லமுத்து, நாமகிரிப்பேட்டை. பெல்ட் மாட்டுபவர்.

இப்போது பெயரையும் வேலையையும் சேர்த்து எழுதலாம்...

போய் வாங்க.